இருநூறு மீட்டர்க்காரர்

டைவ் வாட்ச் கட்டியிருப்பவரிடம் மணி கேட்டால் மணி கிடைப்பதில்லை. இருநூறு மீட்டர் கிடைக்கிறது. கடலில் முக்குளிப்போருக்கென உருவாக்கப்பட்டு, இன்று பெரும்பாலும் குளிரூட்டப்பட்ட அலுவலகங்களில் கணினி விசைப்பலகைக்கு மேலே வாழ்ந்துவரும் இக்கைக்கடிகாரத்தின் உரிமையாளர், முகப்பில் அச்சிட்டிருக்கும் 200 என்னும் எண்ணைச் சுட்டிக்காட்டாமல் எக்கேள்விக்கும் விடை கூறுவதில்லை. காற்று உருளையை முதுகில் சுமந்து பொழுதுபோக்காகக் கடலில் இறங்குவோருக்கு 40 மீட்டரே எல்லையாக வகுக்கப்பட்டுள்ளது என்பதும், சென்னைவாசியான உரிமையாளர் இதுவரை கண்ட ஆழம் மெரினாவில் பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு நின்ற ஆழமே என்பதும் அவ்விளக்கத்தில் இடம்பெறா.

அவர் கட்டியிருப்பது பெரும்பாலும் சீக்கோ எஸ்கேஎக்ஸ் 007 ஆகவே இருக்கும். 1996 இல் வெளிவந்து, இரு பத்தாண்டுகளுக்கு மேல் மலிவாக விற்று, தயாரிப்பு நின்ற பின்னர் விலையேறிய அந்தக் கடிகாரத்தை, புதிதாகக் கிடைத்த காலத்தில் வாங்காமல், பழையதாகக் கூடுதல் விலைக்கு வாங்கியவர் அவர். அந்த விலை வீட்டில் சொல்லப்பட்ட விலையன்று. அதன் உள்ளிருக்கும் 7எஸ்26 என்னும் இயந்திரம் கை அசைவினால் தானே முறுக்கேறுவது. சாவி கொடுக்க வழியில்லை. கழற்றி வைத்தால் ஏறத்தாழ 40 மணி நேரத்தில் நின்றுவிடுமாதலால், வெள்ளி மாலை மேசை இழுப்பறைக்குள் போன கடிகாரம் திங்கள் காலையில் ஞாயிற்றுக்கிழமையின் சிவப்பு எழுத்துகளைக் காட்டிக்கொண்டு கிடக்கும். நேரத்தைத் திருத்தும்போதும் நொடிமுள் நிற்காமல் ஓடிக்கொண்டேயிருப்பதால், அதை நொடி பிசகாமல் பொருத்துவது எளிதன்று. பிறர் செய்யும் தாமதத்தை அளப்பதற்கு உரிமையாளர் பயன்படுத்தும் கருவி இதுவே.

அளப்பது முட்களைக் கொண்டன்று, பெசலைக் கொண்டு. பெசல் என்பது கண்ணாடியைச் சுற்றி அமைந்த, அறுபது நிமிடங்கள் குறித்த சுழலும் வளையம். நீரில் இறங்கும்போது அதிலுள்ள முக்கோணக் குறியை நிமிடமுள்ளுக்கு நேரே திருப்பி வைத்துவிட்டால், அதன்பின் முள் காட்டும் வளைய எண்ணே நீருக்கடியில் கழிந்த நிமிடங்களாகும். பிளாங்பெயின் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபேதம்ஸும் ரோலெக்ஸின் சப்மரீனரும் தோன்றிய 1953 ஆம் ஆண்டளவில், உருளையிலுள்ள காற்று எவ்வளவு நேரம் தாங்கும் என்னும் உயிர்க்கணக்கு இத்தகைய வளையத்தை நம்பியிருந்தது. பின்னர் அப்பொறுப்பை மணிக்கட்டுக் கணினிகள் ஏற்றுக்கொண்டன. (தூத்துக்குடிக் கடலில் கயிற்றில் கட்டிய கல்லைப் பற்றிக்கொண்டு முத்துக்குளித்தோர் வளையமோ முள்ளோ இன்றித் தம் மூச்சையே கணக்காகக் கொண்டனர் என்னும் செய்தியை உரிமையாளரிடம் சொன்னால், அவர்களிடம் எஸ்கேஎக்ஸ் இருந்திருந்தால் எவ்வளவு உதவியாயிருந்திருக்கும் என்று வருந்துவார்.) வளையம் இடப்புறமாக மட்டுமே சுழலும், வலப்புறம் திரும்பாது. பாறையிலோ படகிலோ இடித்து அது தவறி நகர்ந்தால், கழிந்த நேரத்தைக் கூட்டிக் காட்டுமேயன்றி ஒருபோதும் குறைத்துக் காட்டாது; முக்குளிப்பவரும் காற்று தீர்வதற்கு முன்பே மேலேறி உயிர் பிழைப்பார்.

உயிர்காக்கும் இந்த ஏற்பாடு தரைக்கு வந்ததும் என்ன ஆகிறது என்பதே ஆராயத்தக்கது. ஒரு சுற்றுக்கு நூற்றிருபது சொடுக்குகள் கொண்ட அவ்வளையம், தோள்பையின் வாரிலும் சட்டைக் கையிலும் பேருந்துக் கம்பியிலும் உரசிப் பத்துச் சொடுக்கு நகர்ந்தாலே ஐந்து நிமிடம் கூடிவிடும். ஏழு நிமிடத்தில் வந்த தேநீரைப் பன்னிரண்டு நிமிடத்தில் வந்ததாக வளையம் சாட்சி கூற, உரிமையாளர் கடைக்காரரிடம் மணிக்கட்டை நீட்டி, “பாருங்க, பன்னெண்டு நிமிஷம்” என்பார். ஆட்டோ வந்த நேரம், மருத்துவர் அழைத்த நேரம், மருமகன் தொலைபேசியை எடுத்த நேரம் ஆகிய அனைத்தும் இவ்வாறே உண்மையைவிட நீளமாகத்தான் பதிவாகின்றன. கடலில் உயிரின் பக்கம் சாய்ந்திருந்த பிழை, தரையில் குறை சொல்பவரின் பக்கம் சாய்ந்துவிட்டது. எங்கே தவறினாலும் தமக்கே சாதகமாகத் தவறும் கருவி வேறொன்றை மனிதர் இன்னும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. வளையத்தின் எண்கள் அறுபதோடு முடிந்துவிடுவதால், பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு மணி ஐம்பது நிமிடம் காத்திருந்தவருக்கு அது ஐம்பது நிமிடத்தையே காட்டும். உடன் வந்தவர்கள் பசியில் முணுமுணுக்க, “இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகலையே” என்று அவர் அவர்களை அடக்குவார். பிறரெல்லாம் குற்றவாளிகளாகும் அவருடைய வழக்குமன்றத்தில் அரசு மட்டுமே ஐயத்தின் பயனைப் பெற்று விடுதலையாகிறது.

சமையலறையில் நிலைமை வேறு. தமிழ்நாட்டுக் குக்கர் தனக்கென ஒரு காலக்கணக்கை ஏற்கெனவே வைத்திருப்பது. அதற்கு நிமிடம் தெரியாது, விசில்தான் தெரியும். “மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு மனைவி மாடிக்குத் துணி எடுக்கப் போனதும், உரிமையாளர் முக்கோணத்தை நிமிடமுள்ளுக்கு நேரே திருப்பி, பதினைந்து நிமிடம் என்று தாமாகவே முடிவுசெய்து, அடுப்பின் அருகில் நின்று வளையத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்றாம் விசில் வருகிறது. நான்காவதும் ஐந்தாவதும் வருகின்றன. படியிறங்கி ஓடிவந்தவர், “விசில் காதுல விழலையா?” என்று கேட்க, “இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கே” என்று மணிக்கட்டு நீட்டப்படுகிறது. அன்று சோறு கஞ்சியாயிற்று. எனினும் நேரம் சரியாக அளக்கப்பட்டது.

ஏனைய பழக்கங்களைப் பற்றி மிகுதியாகக் கூற ஒன்றுமில்லை. இருளில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நேரம் படிக்கத்தக்கதாயிருக்க வேண்டும் என ஐஎஸ்ஓ 6425 என்னும் பன்னாட்டுத் தரம் விதித்துள்ளதை, அவர் திரையரங்கில் பக்கத்து இருக்கைக்காரரைக் கொண்டு சோதித்துப் பார்ப்பார். மாதத்துக்கொரு பட்டை மாற்றுவார். அவை எவரையும் துன்புறுத்துவதில்லை.

துன்புறுத்துவது சொடுக்கொலிதான். எதிரிலிருப்பவர் பேசத் தொடங்கும்போதே உரிமையாளர் வளையத்தைத் திருப்பிவிடுகிறார். மகளின் திருமணத்துக்கு அழைக்க வந்த முதியவர் பத்திரிகையைத் தட்டில் வைத்து, பிள்ளைவீட்டார் எந்த ஊர் என்று சொல்லத் தொடங்கும் கணத்தில், மேசைக்கடியிலிருந்து அந்தக் கிர்ர் ஓசை எழுகிறது. அம்முதியவருக்கும் காது கேட்கும். உரிமையாளர் அதைப் பழக்கதோஷம் என்பார். அதற்குச் சரியான பெயர் மரியாதைக்குறைவு. அதை அவரிடம் யாரும் சொல்வதில்லை என்பதால் இங்கே சொல்லவேண்டியதாகிறது.

ஆயினும், வீட்டுக்கு வரும் எந்தக் குழந்தைக்கும் அவர் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிடுவார் என்பதையும் குறிப்பிடுவதே நியாயம். குழந்தை நூற்றிருபது சொடுக்கையும் எண்ணி முடிக்கும்வரை கீறல் விழுமென்று பதறாமல் பக்கத்திலேயே அமர்ந்து, எண்பதுக்குமேல் தடுமாறினால் எடுத்துக் கொடுப்பார். அவர் எவருடைய நேரத்தையும் அளக்காமல் உட்கார்ந்திருப்பது அப்போது மட்டுந்தான்.

கடிகாரத்துக்குள் நீர் புகாமல் காப்பது இரும்பன்று, மூடியிலும் சாவித்தண்டிலும் உள்ள மெல்லிய ரப்பர் வளையங்கள். அவை ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி வெடிப்பவை. அவற்றை மாற்றாத பழைய கடிகாரத்தில் இருநூறு மீட்டர் என்பது முகப்பில் உள்ள எழுத்து மட்டுமே. இதனைப் பட்டை மாற்றப் போன இடத்தில் ஒரு பழுதுநீக்குநர், கண்ணில் பொருத்திய உருப்பெருக்கியைக் கழற்றாமலே, “கை கழுவும்போது மட்டும் கழட்டி வச்சிடுங்க சார்” என்று இரண்டே விநாடியில் விளக்கிவிட்டார். உரிமையாளர் இப்போது வேறு கடைக்குப் போகிறார்.