எங்கட வீட்டில இல்லை

உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தொண்டைமானாறு என்றதும் முதலில் ஞாபகம் வருவது செல்வச்சந்நிதி முருகன் அல்ல, வெளிக்கள நிலையத்தின் வினாத்தாள். தாளைக் கண்டபிறகுதான் முருகனின் ஞாபகம் வரும். நான் அந்த ஊரிலேயே பிறந்தவன். எனக்கு இரண்டும் நடைதூரம்.

ஒருநாள் விலங்கியல் ஆசிரியர், "நாளைக்கு வெட்டிப் பார்க்கப் போறம். ஆளுக்கு ரெண்டு பெரிய கரப்பொத்தான் கொண்டு வாங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு. எங்கள் குசினிக்குள் இரவில் தண்ணீர் குடிக்கப் போவதென்றால் அவற்றிடம் வழிகேட்டுத்தான் போகவேண்டும். அன்றிரவு போத்தலும் கையுமாகப் போய் லைற்றைப் போட்டேன். ஒன்றுகூட இல்லை. பனங்கட்டிக் குட்டானைக் கிளறினேன், ஒடியல் பெட்டியைக் கவிழ்த்தேன், அலுமாரியை இழுத்தேன். அலுமாரிக்குப் பின்னால் கபில நிறத்தில், அவரை விதையளவில், ஒரு முட்டைக்கூடு ஒட்டியிருந்தது. அதற்குள் பதினாறு முட்டை வரை இருக்கும் என்று கொப்பியில் எழுதியிருந்தேன். ஆனால் விடியமுன் பொரித்து வளர்ந்து வா என்று அதனிடம் கேட்க முடியாதே.

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

"அன்ரி, உங்கட வீட்டில கரப்பொத்தான் இருக்கோ?"

வாயை விட்டு வந்தபிறகுதான் கேள்வியின் கனம் விளங்கியது. ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பப் பெண்ணிடம் கேட்கக்கூடாத கேள்விகளில் அது முதலாவது.

"எங்கட வீட்டில உதெல்லாம் இல்லைத் தம்பி. முன்வீட்டில கேட்டுப் பார்."

அவர் சொல்லிக்கொண்டு நிற்கையிலேயே, தலைக்கு மேலே சாமிப்படத்தின் பின்னாலிருந்து ஒன்று எட்டிப்பார்த்து மீசையை இரண்டு தரம் ஆட்டியது. மேலே பார்க்காமலிருக்க நான் பட்ட பாடு முருகனுக்குத்தான் தெரியும். முன்வீட்டிலும் அதே பதில்: "இஞ்ச இல்லை. அன்ரி வீட்டை கேட்டனீரோ?" கடைசியில் அன்ரியின் மகன் படலையடியில் நின்று ஒரு பால்மா ரின்னை நீட்டினான். ஒன்று ஐம்பது சதம். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை."

பிற்காலத்தில் வாசிக்க வாசிக்கத்தான் தெரிந்தது, 'எங்கட வீட்டில இல்லை' என்பது உலகப் பொதுமொழி. சின்னக் கரப்பொத்தானை ஜேர்மன்காரர் 'ரஷ்யன்' என்றார்கள். ரஷ்யர்கள் அதையே 'பிரஷ்யன்' என்றார்கள். 1767இல் லின்னேயஸ் அதற்கு 'ஜேர்மனிக்கா' என்று பேர் வைத்து வழக்கை முடித்துவிட்டார். பெரியதற்கு 1758இலேயே 'அமெரிக்கானா' என்று எழுதியவரும் அவர்தான். உண்மையில் அது ஆபிரிக்காவில் பிறந்து, கப்பலேறி அமெரிக்கா போனது. எங்களுக்கும் கப்பலில் வந்திருக்கலாம். வந்த கடனை நாங்கள் வைத்திருக்கவில்லை. பக்கத்து ஊரான வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மரக்கப்பலில் கரப்பொத்தான் இல்லாமலா? கேட்டால், 'எங்கட கப்பலில இல்லை' என்றுதான் சொல்வார்கள்.

போன வருடம் சந்நிதித் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்து மாமா வந்தார். முதல்நாள் இரவே குசினியில் ஒரு கூச்சல். ஓடிப்போய்ப் பார்த்தால் மாமா கதிரைக்கு மேலே, செருப்பு கையிலே. பெரியதொன்று சுவரில் நின்று அவரை அளவெடுத்துக்கொண்டிருந்தது.

"அடிச்சால் படாது மாமா" என்றேன். அதன் பின்பக்கத்தில் இரண்டு முனைகள் உண்டு, அவற்றில் மெல்லிய மயிர்கள். செருப்பு கிளப்பும் காற்று அந்த மயிரில் பட்டால் ஒரு செக்கனில் இருபதிலொரு பங்கு நேரத்துக்குள் கால் கிளம்பிவிடும். செருப்பு வருமுன்னே செருப்பு வரும் செய்தி போய்விடுகிறது. பிறகு செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் ஓட்டம். உடம்பைக் கால்வாசி உயரத்துக்குத் தட்டையாக்கிக்கொண்டு ஒரு வெடிப்புக்குள் மறைவு. தப்பித்தவறித் தலை போனாலும் கவலையில்லை. மூச்சு விடுவது விலாப்பக்கத் துளைகளால் என்பதால் நாட்கணக்கில் உயிரோடிருக்கும். தலைவர் இல்லாமல் வருடக்கணக்கில் நடக்கும் சங்கங்களைக் கண்டவர்கள் நாங்கள், இதற்கு அதிசயப்படமாட்டோம்.

நான் விளக்கி முடிய, அது பறந்தது. மாமாவும் ஏறக்குறைய.

அடுத்தநாள் கரம் போட்டுக்குப் போடுகிற போறிக் பவுடரைச் சீனியோடு கலந்து மூலைகளில் தூவினேன். கரப்பொத்தான் மகா சுத்தக்காரன். காலையும் மீசையையும் வாயால் வழித்து வழித்துத் துப்புரவாக்கும். பவுடர் அப்படித்தான் வயிற்றுக்குள் போகும். எங்களுக்குச் சோறு போடும் சுத்தம் அதற்கு வாய்க்கரிசி போடுகிறது. சின்ன இனத்தில் சில கூட்டங்கள் இதையும் வென்றுவிட்டன. இனிப்பு வைத்த நஞ்சில் பரம்பரை பரம்பரையாகச் செத்ததில், குளுக்கோசைக் கைப்பாக உணரும் நாக்கோடு பிறந்தவை மிஞ்சின. 2013இல் ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைக் கண்டு எழுதினார்கள். சொல்லிக்கொண்டே தேத்தண்ணியை நீட்டினேன். மாமா ஒரு மிடறு குடித்துவிட்டு, "சீனி போட்டனியோ? எனக்குக் கூடாது" என்று திருப்பித் தந்தார்.

"ஜேர்மனியில இப்பிடி ஒண்டும் இல்லையடா" என்றார் பிறகு.

அதற்கும் பதில் வைத்திருந்தேன். 2024இல் பல நாட்டுக் கரப்பொத்தான்களின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தபோது, 'ஜேர்மன்' கரப்பொத்தானின் பூர்வீகம் வங்காள விரிகுடாப் பக்கம் என்று தெரிந்தது, சுமார் 2,100 வருடத்துக்கு முந்தியது. மாமா விசாவுக்கு வரிசையில் நிற்க எத்தனையோ காலம் முன்பே, எங்கள் பக்கத்துப் பூச்சி அங்கே போய் அந்த நாட்டுப் பேரையே எடுத்துவிட்டது.

மாமா அம்மாவிடம் முறையிட்டார். "அக்கா, வீடு முழுக்கக் கரப்பொத்தான்!"

"ஓம், எங்கட வீட்டில இருக்குது" என்றார் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் அறிவுக்கு எட்டியவரை ஊரில் ஒருவர் அப்படி ஒப்புக்கொண்டது அதுதான் முதல்தரம். அம்மா தொடர்ந்தார். "இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வரேக்கை கூரையும் இல்லை, கதவும் இல்லை. குசினியைக் கூட்டினால் மண்தான் வந்தது. தின்ன ஒண்டும் இல்லாத இடத்தில பூச்சி ஏன் நிக்குது? அடுப்பு மூட்டி ஒரு மாசமிருக்கும், ஒருநாள் ராத்திரி விளக்கைக் கொண்டு போறன், அடுப்படியில ஒண்டு ஓடுது. தும்புத்தடியை ஓங்கினனான், அடிக்கேல்லை. ஆக்கள் இருக்கிற வீடெண்டு அதுக்கும் தெரிஞ்சிட்டுதெண்டு விட்டிட்டன்."

சற்று யோசித்து, "அண்டைக்கு மட்டுந்தான்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

மாமா ஒவ்வொரு சட்டையையும் மூன்று தரம் உதறி அடுக்கிக்கொண்டு பயணமானார். நாலாம் நாள் போன் வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது.

"தம்பி, சூட்கேஸுக்குள்ள ஒண்டு வந்திட்டுதடா. பக்கத்து வீட்டுக்காரி என்ன சத்தமெண்டு கேட்டவ. எங்கட வீட்டில ஒண்டுமில்லையெண்டு சொல்லிப்போட்டன்."

அம்மா போனை வாங்கினார். "பெரிசோ, சின்னனோ?"

"பெரிசக்கா."

"அப்ப எங்கடதான்" என்றார் அம்மா.