மாத்திரைக்கு விலாசம் தெரியாது

கேள்வி: வயிறு பிசைகிறது என்றதும் மெடிக்கலில் ரெண்டு மாத்திரை கிள்ளிக் கொடுக்கிறார்கள். சீட்டே கேட்பதில்லை. அப்படியானால் சாதாரண மாத்திரைதானே?
- வாசகர், திண்டிவனம்

பதில்: கேட்காமல் கொடுப்பது கடைக்காரரின் தைரியம். மாத்திரையின் குணம் அல்ல. முழு அட்டையையும் வாங்கித் திருப்பிப் பாருங்கள். டைசைக்ளோமின் என்ற பெயரும், மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் பொடி எழுத்தில் இருக்கும். கிள்ளிக் கொடுக்கும்போது அந்த எச்சரிக்கையும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகின்றன.

கேள்வி: வயிற்றுவலிக்குத்தானே மாத்திரை போட்டேன், வாய் ஏன் வறண்டுபோகிறது?
- ஆசிரியை, மன்னார்குடி

பதில்: மாத்திரைக்கு விலாசம் தெரியாது டீச்சர். குடல் சுவரில் இருப்பது நம் பேச்சைக் கேட்காத தசை. அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் உசுப்பினால் சுருங்கும். அளவுக்கு மீறிச் சுருங்கினால் இழுத்துப் பிடிக்கிற வலி வரும். டைசைக்ளோமின் அந்த உசுப்பலைத் தடுக்கிறது, தசை தளர்கிறது. ஆனால் எச்சில் ஊறுவதும், வியர்ப்பதும், கண்பாவை சுருங்குவதும், சிறுநீர்ப்பை காலியாவதும் அதே ரசாயனத்தால்தான். எனவே வாய் வறட்சி, மங்கலான பார்வை, தலைசுற்றல், தூக்கக் கலக்கம், மலச்சிக்கல் எல்லாம் கூடவே வரலாம். ஊமத்தங்காயைத் தின்றவர்கள் கண்பாவை விரிந்து, நா வறண்டு, பிதற்றுவதும் இதே வழியில்தான். அங்கே அளவு சொல்ல யாரும் இல்லை, அவ்வளவுதான்.

கேள்வி: சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா? நான் ஜெலுசிலோடு சேர்த்து ஒரே மடக்கில் முடித்துவிடுவேன்.
- வாசகர், விருதுநகர்

பதில்: தனி டைசைக்ளோமின் என்றால் வழக்கமாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு. அமிலத்தை அடக்கும் ஜெலுசில் சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டையும் ஒன்றாக அனுப்பினால் ஜெலுசில் முந்திக்கொண்டு மாத்திரையை உடம்பில் சரியாகச் சேர விடாது. ஒரே மடக்கில் முடிந்தது உங்கள் வேலை. மருந்தின் வேலை அல்ல.

கேள்வி: ஒரு வேளை போட மறந்துவிட்டேன். அடுத்த வேளை இரண்டாகப் போடலாமா?
- வாசகி, நாமக்கல்

பதில்: மறக்க முடிந்ததே வலி குறைந்ததற்குச் சான்றிதழ். இரண்டாகப் போடாதீர்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் மாதவிலக்கு வலிக்கு எல்லோரும் மெஃப்டால் ஸ்பாஸ்தான். மாதாமாதம் போடலாமா?
- கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: அந்த ஒரு மாத்திரைக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். டைசைக்ளோமின் 10 மி.கி., மெஃபனமிக் ஆசிட் 250 மி.கி. இரண்டாமவர் வலிநிவாரணி, வெறும் வயிற்றில் விட்டால் இரைப்பையை அரித்துவிடுவார். ஆகவே விருதுநகர்க்காரருக்குச் சொன்னது இங்கே செல்லாது. இதைச் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, வலி மாத்திரை போட்டால் இழுப்பு வருகிற ஆஸ்துமா ஆகியவை இருந்தால் வேண்டவே வேண்டாம். கூடவே புரூஃபெனோ டைக்ளோஃபெனாக்கோ சேர்க்காதீர்கள்.

2023 நவம்பர் 30 அன்று இந்திய ஃபார்மகோபியா ஆணையம் மெஃபனமிக் ஆசிட் பற்றி ஓர் எச்சரிக்கை விட்டது. ‘ட்ரெஸ்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் கடும் ஒவ்வாமை இதனால் வரலாம் என்பது அதன் சாரம். தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறி கட்டுதல், பிறகு கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகள் பாதிப்பு. அரிது. ஆனால் மாத்திரை போட்டு சில வாரம் கழித்தும் தலைகாட்டும் என்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. தடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு, அட்டையோடு டாக்டரிடம் போங்கள். மாத்திரை இல்லாமல் எழுந்திருக்கவே முடியாத வலி என்றால், தோழியைக் கேட்காமல் மகளிர் நல மருத்துவரைக் கேளுங்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்ற கருப்பை சார்ந்த நோய் பல வருஷம் ‘சாதாரண வலி’ என்ற பெயரிலேயே உலவும்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. புராஸ்டேட் வீக்கம் உண்டு, கண்ணுக்குச் சொட்டுமருந்து விடுகிறார். வயிறு வலிக்கிறதாம். எனக்கு எழுதித் தந்த மாத்திரையில் ஒன்று கொடுக்கட்டுமா?
- மகன், காரைக்குடி

பதில்: வேண்டாம் தம்பி. பாசம் சரி, மாத்திரை தப்பு. ஏற்கெனவே முக்கி முக்கிச் சிறுநீர் கழிப்பவருக்கு இதைக் கொடுத்தால் ராத்திரி சுத்தமாக அடைத்துக்கொண்டு, டியூப் போட ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும். கண் சொட்டுமருந்து கிளாக்கோமாவுக்கு என்றால் இன்னும் ஆபத்து. சில வகைகளில் கண் அழுத்தம் திடீரென ஏறிப் பார்வையே போகலாம். வயதானவர்களுக்குக் குழப்பமும் பிதற்றலும் வரும் என்பதால் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பீர்ஸ் பட்டியலில், தவிர்க்க வேண்டிய மருந்துகளில் டைசைக்ளோமினும் ஒன்று. தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையும் அவர் போடுபவர் என்றால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும்.

கேள்வி: நாலு மாசப் பேத்தி ராத்திரி பூரா அழுகிறாள். மூத்தவனுக்கு வாங்கிய வயிற்றுவலி டிராப்ஸ் மிச்சம் இருக்கிறது.
- பாட்டி, சங்கரன்கோவில்

பதில்: பாட்டியம்மா, அதைத் தொடாதீர்கள். அதில் டைசைக்ளோமின் இருக்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு டைசைக்ளோமின் கூடாது, அதைக் கொடுத்துச் சில குழந்தைகளுக்கு மூச்சே தடைபட்டிருக்கிறது. பால் கொடுக்கும் தாயும் போடக் கூடாது. குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இதில் எனக்கு ஜோக் வரவில்லை.

கேள்வி: இதைப் போட்டுக்கொண்டு லாரி ஓட்டலாமா?
- ஓட்டுநர், சங்ககிரி

பதில்: பார்வை மங்கும், கண் சொக்கும். சாவியை கிளீனரிடம் கொடுத்துவிட்டுத் தூங்குங்கள் என்பேன். அவரிடம் லைசென்ஸ் இருந்தால்.

கேள்வி: கொத்தனார் வேலை. வெயிலில் இந்த மாத்திரை ஆகுமா?
- வாசகர், வேலூர்

பதில்: உங்கள் ஊர் வெயிலில் உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை. மாத்திரை அதையே குறைத்துவிடும். உடல் சூடு ஏறி வெப்பத்தாக்கு வரலாம். அன்றைக்கு நிழல் வேலையாகக் கேளுங்கள்.

கேள்வி: போட்டும் வலி நிற்கவில்லை. இன்னொன்று போடலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: நிற்காத வலி இன்னொரு மாத்திரை கேட்கவில்லை, டாக்டரைக் கேட்கிறது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது அடிவயிற்றுக்கு நகர்ந்தால் அது குடல்வாலாக இருக்கலாம். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியாவிட்டால் குடல் அடைப்பாக இருக்கலாம். அங்கே குடலை மேலும் தூங்கவைப்பது எவ்வளவு புத்திசாலித்தனம்? காய்ச்சல், மலத்தில் ரத்தம் என்றாலும் தாமதிக்காதீர்கள். மேல்வயிற்று வலியோடு குப்பென்று வியர்த்தால் 108-ஐ அழையுங்கள்; அது வயிறே இல்லாமல் இதயமாக இருக்கலாம்.

கேள்வி: பக்கத்து வீட்டம்மா ஒரு மாத்திரை கேட்கிறார். இல்லை என்று எப்படிச் சொல்வது?
- இல்லத்தரசி, சிதம்பரம்

பதில்: சர்க்கரை கேட்டால் கொடுங்கள். அதையும் அவருடைய சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு.