பரிசு வாசகர்

பரிசு வாசகர் என்பவர் காசு கொடுத்துப் புத்தகம் வாங்காதவர். ஆனால் வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவர். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளில் பரவலாகக் காணப்படுகிறார். பெரும்பாலும் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ ஓரளவு பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். பதவியில் இருந்தவரை பண்டிகைக்கு முந்திரியும் பாதாமும் வந்தன. ஓய்வுக்குப் பின் புத்தகம் வருகிறது. இந்த மாற்றத்தின் பொருள் அவருக்குப் புரியாமல் இல்லை.

அவருடைய பருவம் நவராத்திரியில் தொடங்குகிறது. கொலு பார்க்க வரும் பெண்களுக்கு வெற்றிலை பாக்குடன் உள்ளங்கை அகல அபிராமி அந்தாதியோ லலிதா சகஸ்ரநாமமோ வைத்துக் கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மனைவியின் பெயரில் வரும் இவை அவர் அலமாரியில் போய்ச் சேரும். ஒரே அந்தாதி முதல் நாள் மந்தைவெளியில் கிளம்பி, அபிராமபுரம், ஆழ்வார்பேட்டை எல்லாம் பார்த்துவிட்டு ஒன்பதாம் நாள் கிளம்பிய வீட்டுக்கே வந்து சேர்வதும் உண்டு. சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் இடுவார்கள். அன்று அவற்றைத் தொட்டுப் படிக்கக் கூடாது, மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் படிக்க வேண்டும். இதில் முதல் பாதியைப் பரிசு வாசகர் வருஷம் முழுவதும் வழுவாமல் கடைப்பிடிக்கிறார்.

தீபாவளிக்கு மலர் வரும். மலரும் லேகியமும் ஒரே நாளில் வீட்டுக்குள் நுழைந்து, ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தொடப்பட்டு, பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது ஒன்றாக வெளியேறும்.

உச்ச காலம் ஆங்கிலப் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் இடைப்பட்டது. 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி, இப்போது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கிறது. பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு என்பதால் உறவினரும் நண்பரும் அங்கேயே மொத்தமாக வாங்கிப் பண்டிகைக் கடனைத் தீர்த்துவிடுகிறார்கள். பரிசு வாசகரும் தவறாமல் போவார். மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டு, ஒவ்வொரு கடையிலும் இலவச விலைப்பட்டியல் வாங்கிக்கொண்டு, பை நிறையத் திரும்புவார். அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஊன்றிப் படிக்கும் இலக்கிய வகை விலைப்பட்டியல் ஒன்றுதான். இலக்கியத்தில் அவருக்குள்ள ஞானம் அத்தனையும் அதிலிருந்து வந்தது. எந்த நாவலும் யார் எழுதியது, எந்தப் பதிப்பகம், என்ன விலை என்பதில் அவரை அசைக்க முடியாது.

அவருக்கு அதிகம் வருவது ‘பொன்னியின் செல்வன்’. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய இந்த நாவலுக்கு ஐந்து பாகம். கட்டித் தூக்கினால் பரிசு என்று சொல்லும்படி கனமும் இருக்கும். 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனபின் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகி, மலிவுப் பதிப்புகள் பெருகின. ஆகவே ஒரே பொங்கலுக்கு இரண்டு செட் வருவதில் ஆச்சரியமில்லை. கதை, ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில் தொடங்குகிறது. பரிசு வாசகர் அதுவரை படித்திருக்கிறார். அந்த ஏரிதான் இன்றைய வீராணம். அதன் தண்ணீர் 2004லேயே குழாய் வழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அவருடைய வந்தியத்தேவன் இன்னும் கரையைத் தாண்டவில்லை. 2022 செப்டம்பர் 30 அன்று இந்த நாவலைப் படமாக்கியதில் முதல் பாகம் வெளியானது. மறுநாள் காலை, “என்ன இருந்தாலும் புஸ்தகம் மாதிரி வராது சார்” என்று முதலில் தீர்ப்புச் சொன்னவர் அவரே.

தீர்ப்பு சொல்லும் இடம் பெரும்பாலும் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா. நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அந்தக் கேள்வி வரும்: “இப்போ என்ன படிச்சிண்டிருக்கேள்?” இதற்கு ‘ஒன்றும் இல்லை’ என்று பதில் சொன்னவர் இதுவரை இல்லை. “‘மோகமுள்’ளை மறுபடி எடுத்திருக்கேன்” என்பார் ஒருவர். ‘மறுபடி’ என்ற சொல்லில்தான் சாமர்த்தியம். முதல் தடவை எப்போது என்று யாரும் கேட்கமாட்டார்கள். “ஜானகிராமன் ஜானகிராமன்தான் சார்” என்பார் மற்றவர். “ஆமாம், கும்பகோணமே கண்ணு முன்னாடி வந்துடறது.” இருவரும் படித்ததில்லை என்பது இருவருக்கும் தெரியும், அந்த உடன்பாட்டில்தான் நட்பு நிற்கிறது. நிஜமாகவே படித்த மூன்றாமவர் வந்து யமுனாவைப் பற்றி ஏதாவது கேட்டுவிட்டால், பேச்சு உடனே மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிய பள்ளத்துக்குள் இறங்கிவிடும்.

ஜெயமோகனின் ‘வெண்முரசு’ இவர்களுக்குக் கிடைத்த பெரிய வரம். 2014 முதல் 2020 வரை எழுதப்பட்ட 26 நாவல்கள். யாரோ நடுவிலிருந்து ஒன்றைப் பரிசளிக்கிறார்கள். “ஆரம்பத்திலேர்ந்து படிக்கணும் சார், அதான் இதைத் தொடலை” என்று சொல்லிவிடலாம். இவ்வளவு கௌரவமான சாக்கு வேறெந்த நூலிலும் கிடையாது.

மு.க.ஸ்டாலின் 2021இல் முதல்வரானதும், பொன்னாடை, பூங்கொத்துக்குப் பதில் புத்தகம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். வழக்கம் குடியிருப்போர் சங்க ஆண்டு விழா வரை இறங்கி வந்தது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பொன்னாடையில் ஒரு நிம்மதி இருந்தது. ‘போர்த்திப் பார்த்தீர்களா, எப்படி இருந்தது?’ என்று கொடுத்தவர் ஒரு மாதம் கழித்துக் கேட்பதில்லை.

இத்தனை புத்தகத்தையும் வீட்டில் ஒருவருமே படிப்பதில்லை என்று நினைத்தால் தவறு. பேரன் பிறந்த சமயத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட மாமியார் ஒருவர் பல வீடுகளில் இருக்கிறார். குழந்தை தூங்கும் மத்தியான நேரங்களில் அவர் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு, நந்தினி கடைசியில் எங்கே போனாள் என்ற கவலையோடு வெங்காயம் உரிக்கிறார். அவர் என்ன படிக்கிறார் என்று பூங்காவில் மட்டுமல்ல, வீட்டிலும் யாரும் கேட்பதில்லை. பரிசு வாசகர் மட்டும் இரவு சாப்பாட்டின்போது, “அந்த ரவிதாசன் கடைசியில என்ன ஆனான்?” என்று சாவகாசமாக விசாரித்து, மறுநாள் பெஞ்சுக்குத் தயாராகிறார்.

அலமாரி நிரம்பியதும் புத்தகங்கள் அடுத்த கிருகப்பிரவேசத்துக்கோ சஷ்டியப்தபூர்த்திக்கோ கிளம்பும். அங்கும் போகாதவை லஸ் பக்கத்து நடைபாதைப் பழைய புத்தகக் கடைக்குப் போய், கல்லூரிப் பையன் ஒருவன் கைக்குச் சேரும். பதிப்பாளருக்கு விற்பனை, கொடுத்தவருக்குக் கௌரவம், கடைக்காரருக்கு வியாபாரம், பையனுக்குப் படிப்பு. பரிசு வாசகர் நடுவில் இருந்து ஒரு பக்கமும் கசங்காமல் காப்பாற்றித் தருகிறார். இந்தச் சேவையைக் குறை சொல்ல முடியாது. இடைஞ்சல் ஒன்றுதான்: முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிய ‘அன்புடன், பொங்கல் வாழ்த்துகள்’. அதற்காக அந்தத் தாளை பிளேடால் அறுக்க வேண்டியிருக்கிறது. சில சமயம் முன்னுரையும் கூடவே வந்துவிடுகிறது. புத்தகம் பரிசளிப்பவர்கள் தயவுசெய்து பென்சிலால் எழுதவும்.