காகிதத்தில் முப்பது நாள்

நியூஜெர்சி,
2-11-2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே மூன்று பேரும் நலம். அங்கே உன் முழங்கால், அத்தானின் சர்க்கரை, மாடிக் குழாய் எல்லாம் எப்படி இருக்கின்றன?

போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறானே என்று பதறாதே. போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழ ஆரம்பித்துவிடுவாய். மீதிப் பாதியில் அத்தான் போனை வாங்கி அமெரிக்க அரசியல் கேட்பார். சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் நம்ம ஊர்க்காரர், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவர் கையில் நீ ஒரு பொருள் கொடுத்தனுப்ப வேண்டும். என்ன பொருள் என்று தெரிய முழுசாகப் படி.

சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவுக்குப் போய் வந்தேன். பாஸா ஃபெயிலா என்று கேட்டால் இரண்டும் இல்லை. பரீட்சையில் பாஸ், காகிதத்தில் அரியர்ஸ்.

ஜனவரியிலேயே ஆன்லைனில் விண்ணப்பம் போட்டிருந்தேன். கட்டணம் 710 டாலர். ரூபாயில் மாற்றிப் பார்க்கக் கூடாது என்று உன் தம்பி பெண்டாட்டி உத்தரவு. ரகசியமாக மாற்றிப் பார்த்தேன், அறுபதாயிரத்துக்கு மேல் வருகிறது. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆகியிருக்க வேண்டும். அதில் முப்பது மாதமாவது இந்த மண்ணில் கால் பாவியிருக்க வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால், 'நீ இங்கே குடியிருக்கிறவன்தானா?' என்று கேள்வி வரும். இந்த ஆறு மாதக் கணக்கை மனசில் வைத்துக்கொள்.

என் பெண்டாட்டி தன் இன்டர்வியூவை ஆகஸ்டிலேயே முடித்துவிட்டாள். ஒரு மெல்லிசு ஃபைலோடு போனாள், அரை மணி நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் அவளைப் போலவா? தாலுகா ஆபீஸ் வாசலில் வளர்ந்தவன் அல்லவா. ஐந்து வருஷ வரிக் கணக்கு, கல்யாணச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம், பையன் பிறந்த சான்றிதழ், கொரோனா ஊசி அட்டை எல்லாவற்றையும் எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். கெஜட்டட் ஆபீசரின் பச்சை மை ஒன்றுதான் குறை. நம்ம வீட்டு ரேஷன் கார்டின் நகல்கூட இருந்தது. அது எதற்கு என்று கேட்டாள். அதில் என் பெயரும் இருக்கிறது, கிடக்கட்டும் என்றேன்.

அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை. காத்திருக்கும் கூடத்தில் ஒரு சத்தம் கிடையாது. எல்லோரும் மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, கோவிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று ஒரு கதவு திறந்து அப்பாவைக் கூப்பிட்டார்கள். ஆமாம் அக்கா, அப்பாவைத்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில் நிற்பதால் இந்த ஊர் இருபது வருஷமாக என்னை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது. பழகிப்போன விஷயம்தான். ஆனாலும் அன்றைக்கு அந்தக் கூடத்தில், 'மிஸ்டர்' போட்டு, எழுத்தைக் கடித்துத் துப்பி அவர் பெயரைக் கேட்டதும் ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன், பின்னால் வருகிறாரோ என்று.

ஆபீசர் ஒரு பெண். முப்பது வயது இருந்தால் அதிகம். நிற்க வைத்து வலது கையைத் தூக்கச் சொல்லி, உண்மையே பேசுவேன் என்று உறுதிமொழி வாங்கினார். பள்ளிக்கூடத்தில் 'உள்ளேன் ஐயா' சொல்கிற உயரத்துக்குத் தூக்கிவிட்டேன்போல. போதும், இறக்கலாம் என்று இரண்டு தடவை சொன்னார்.

முதலில் பரீட்சை. ஆங்கிலத்தில் ஒரு வரி வாசிக்க வேண்டும், ஒரு வரி எழுத வேண்டும். அதிபர் தினம் பிப்ரவரியில் வருகிறது என்ற மாதிரி எளிசான வரிதான். 'பிப்ரவரி' எழுத்தில் கை கொஞ்சம் தடுமாறியது. நல்லவேளை, அந்த அம்மாள் வாத்தியார் இல்லை. அப்புறம் நாட்டைப் பற்றிய கேள்விகள். மொத்தம் நூறு படிக்க வேண்டும், பத்து வரை கேட்பார்கள், ஆறு சரியாக இருந்தால் போதும். மூன்று மாதம் பையன்தான் எனக்கு வாத்தியார். பல் தேய்க்கும்போது 'அரசியல் சட்டம் எழுதின வருஷம்?' என்பான், 1787. காபி குடிக்கும்போது 'திருத்தம் எத்தனை?', 27. தப்பாகச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வான். அப்படியே அத்தான் சாடை.

அந்த அம்மாள் கேட்டதில் ஒன்று: அமெரிக்க இந்தியப் பழங்குடி ஒன்றின் பெயர் சொல்லுங்கள். இந்தியனைப் பார்த்து இந்தியர் பெயரைக் கேட்கிறார்கள்! கொலம்பஸ் வழி தவறியதற்கு இன்னும் நாம்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 'நவஹோ' என்றேன். ஆறாவது பதில் சரியானதும் நிறுத்திவிட்டார். மிச்சம் தொண்ணூற்றுச் சொச்சத்தை நான் யாரிடம் ஒப்பிப்பது? அக்டோபர் 20-க்கு மேல் விண்ணப்பம் போடுகிறவர்களுக்கு 128 கேள்வியாம், இருபது கேட்டுப் பன்னிரண்டு சொல்ல வேண்டுமாம். மெதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்று இருந்த நண்பர் ஒருவர் இப்போது என் புத்தகத்தை இரவல் கேட்கிறார். அது பழைய சிலபஸ் என்று சொல்ல மனசு வரவில்லை.

பிறகு விண்ணப்பத்தை வரிசையாகக் கேட்டு வந்தார். ஒரே நேரத்தில் ஒருத்திக்கு மேல் கட்டியிருக்கிறீர்களா? இல்லை. (ஒருத்தியே போதும் என்று சேர்த்துச் சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அங்கே விளையாட்டுப் பேச்சு கூடாது.) சட்டவிரோதமாகச் சூதாடியதுண்டா? இல்லை என்றேன். தீபாவளி ராத்திரி மொட்டை மாடியில் அத்தானோடு காசு வைத்து ஆடிய ரம்மி கண் முன்னால் வந்தது. எப்போதும் தோற்றவன் நான்தான் என்பதால் அது சூதில் சேராது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

கம்யூனிஸ்ட் கட்சியில் எப்போதாவது உறுப்பினராக இருந்ததுண்டா? கோவில்பட்டிக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? இந்திய கம்யூனிஸ்ட் கட்சி எத்தனை தடவை ஜெயித்த தொகுதி! மே தினத்தன்று மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று சித்தப்பாவின் மில் சங்க ஊர்வலத்தில் நீயும் நானும் கொடி பிடித்து மார்க்கெட் ரோடு வரை நடந்தோமே. 'இல்லை' என்றுதான் சொன்னேன், அது உண்மையும்கூட. சந்தா கட்டவில்லை, மிட்டாய்தான் தின்றோம்.

இதுவரை எல்லாம் சுபம். அப்புறம் பயணப் பட்டியலுக்கு வந்தார். வந்தவர் நின்றுவிட்டார்.

'2020-இல் 187 நாள் இந்தியாவில் இருந்திருக்கிறீர்கள்.'

எனக்குத் தலை சுற்றியது. உன் மகள் கல்யாணத்துக்கு வந்து மாட்டிக்கொண்டேனே, அந்தப் பயணம். மார்ச் 5 கிளம்பினேன். மாசிக் கடைசி முகூர்த்தம். தாய்மாமன் சீர் வைத்து, பந்தி பார்த்து, பந்தல் பிரிக்குமுன் ஊரே அடைத்துவிட்டது. விமானமும் நின்றுவிட்டது. மூன்று வாரத்துக்கு வந்தவன் ஐந்து மாதம் உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைக்கூட உன் திண்ணையில் உட்கார்ந்து, கடலைமிட்டாய் கடித்துக்கொண்டேதான் படித்தேன். கடைசியில் இ-பாஸ் வாங்கிச் சென்னை போய், டெல்லி வழியாக ஆகஸ்ட் 9 திரும்பினேன். கூட்டிப் பார், 157 நாள்தான்.

187 எப்படி வந்தது? இந்த ஊரில் மாதத்தை முன்னால் எழுதுவார்கள், தேதி பிறகு. இருபது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த ஒரு கட்டத்தில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, கை பழைய ஞாபகத்தில் நம்ம ஊர் வழக்கப்படி 09/08 என்று தட்டிவிட்டது. ஆகஸ்ட் 9 செப்டம்பர் 8 ஆகிவிட்டது. காகிதத்தின்படி உன் வீட்டில் இன்னும் முப்பது நாள் சாப்பிட்டிருக்கிறேன்.

விளக்கிச் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டார். 'சரி, பாஸ்போர்ட்டில் முத்திரை காட்டுங்கள்.' எடுத்து நீட்டினேன். புரட்டினார். 'இது 2021-இல் வாங்கியது. பழையது எங்கே?' இன்டர்வியூ கடிதத்திலேயே தெளிவாக இருக்கிறது, காலாவதியானது உட்பட எல்லாப் பாஸ்போர்ட்டும் கொண்டுவர வேண்டும் என்று. ரேஷன் கார்டு வரை எடுத்தவனுக்கு அந்த வரி கண்ணில் படவில்லை.

உங்கள் கணினியில் இருக்குமே என்றேன். சிரித்தார். தாலுகா ஆபீஸில் 'எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு, இருந்தாலும் ஒரு ஜெராக்ஸ் கொடுத்துட்டுப் போங்க' என்று சிரிப்பார்களே, அதே சிரிப்பு. கடலுக்கு இந்தப் பக்கமும் அது உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விடுவேனா? ஃபைலின் அடியிலிருந்து உன் மகள் கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் அப்படியே இருந்தது. கையில் வாங்கி, நம்ம சொந்தக்காரர் பெயரெல்லாம் வரிசையாக அடித்த பக்கத்தைப் பார்த்து, 'இது என்ன, சாட்சிகளின் பட்டியலா?' என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. தாய்மாமன் இடத்தில் என் பெயரைத் தொட்டுக் காட்டினேன். 'ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் இரண்டு மொழியும் தெரியும், சரியாகத்தான் செய்திருக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்' என்றார். நானே செய்து தருகிறேன் என்றேன். வேண்டாம், அது போனதற்குத்தான் சாட்சி, திரும்பியதற்கு அல்ல என்றார். பேச்சு எழவில்லை. கல்யாணத்துக்கு வரச் சொல்லித்தான் நாம் பத்திரிகை அடிக்கிறோம், எப்போது கிளம்பிப் போனான் என்று எங்கே அடிக்கிறோம்?

நம்ம ஊர் ஆபீஸ் என்றால் இந்த இடத்தில் வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற மனு எழுதுகிறவரிடம் சொன்னால் ஒரு டீ குடிப்பதற்குள் வழி சொல்லிவிடுவார். இங்கே வாசலில் மரம் இருக்கிறது, அடியில் ஆள் இல்லை. அந்த அம்மாள் இரண்டு தாளை அச்செடுத்துக் கொடுத்தார். தேர்வில் தேறினார் என்று ஒரு தாள், முடிவு இப்போது சொல்ல முடியாது, இன்ன ஆவணத்தை முப்பது நாளுக்குள் அனுப்பவும் என்று இன்னொன்று. 'நாளைக்கு வாங்க' கிடையாது, 'மேலே ஆளைப் பாருங்க' கிடையாது. அந்த மட்டுக்கும் மரியாதைதான்.

அக்கா, அந்தப் பழைய பாஸ்போர்ட் உன்னிடம்தான் இருக்கிறது. 2023-இல் வந்தபோது வீட்டுப் பத்திர வேலைக்குப் பழையதும் வேண்டும் என்று பத்திர எழுத்தர் வாங்கினார். அவர் திருப்பிக் கொடுத்ததை நீ மஞ்சப்பையில் போட்டு, பீரோ மேல்தட்டில் உன் கல்யாணப் பட்டுக்கு அடியில், எல்.ஐ.சி. பாலிசிகளோடு வைத்தாய். முனையைக் கத்தரித்து, ரத்து என்று முத்திரை குத்தியிருக்கும். உள்ளே முழு மீசையோடு நான் இருப்பேன். வெட்டுப்பட்டது, உதவாது என்று பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டிருக்க மாட்டாயே? கிடைத்ததும் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடச் சொல், உன் மகளுக்கு அது தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆகஸ்டில் நான் கிளம்பினபோது, 'ஏலே, ஆவணியில அப்பா திதி வருது, இருந்து முடிச்சுட்டுப் போயேன்' என்றாய். வேலை போய்விடும் என்று நான் ஓடி வந்தேன். இரண்டு மாதம் நீ என்னோடு பேசவில்லை. அந்த ஃபாரத்தில் செப்டம்பர் 8 என்று பார்த்தபோது எனக்கு அதுதான் தோன்றியது: காகிதத்திலாவது திதிக்கு இருந்திருக்கிறேன். இப்போது, இல்லை, நான் இல்லை, அதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டேன் என்று அத்தாட்சியோடு நிரூபிக்க வேண்டும். அந்த அத்தாட்சி உன் பீரோவில். என்ன கணக்கோ.

நண்பர் அடுத்த ஞாயிறு உன் வீட்டுக்கு வருவார். 20-ஆம் தேதி இங்கே திரும்புகிறார். கெடு 27, வியாழக்கிழமை. அன்றைக்கு இங்கே நன்றி தெரிவிக்கும் நாள், தபால் ஆபீஸ் மூடியிருக்கும். ஆகவே அவர் கையை விட்டால் வேறு வழியில்லை. பாஸ்போர்ட்டைத் தனியாகவும் கடலைமிட்டாயைத் தனியாகவும் கட்டிக் கொடு. போன தடவை பத்திர நகலில் ஒட்டிய பாகு இன்னும் போகவில்லை.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் தம்பி

பி.கு.: வருகிற ஆவணித் திதிக்கு வருகிறேன். அதற்குள் அமெரிக்கன் ஆகியிருந்தால் கோவில்பட்டிக்கு வர எனக்கு ஓ.சி.ஐ. அட்டையோ விசாவோ வேண்டும். அதற்கு என்னென்ன காகிதம் கேட்பார்களோ, பீரோச் சாவியைக் கையிலேயே வைத்திரு.