அடி, அடி, பிடி: நெய்வேலி நகரியத்தில் பிரேக்குக்கு ஏர் எடுத்தல் குறித்த ஓர் ஆய்வு

நெய்வேலியைப் பற்றி எழுதியவர்கள் சுரங்கத்தையும் அனல்மின் நிலையத்தையும் விவரித்துவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். ஞாயிறு காலையில் குவார்ட்டர்ஸ் வாசலில் கார்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்திருக்கும் ஒருவர், உள்ளே உட்கார்ந்திருக்கும் மைத்துனரைப் பார்த்து “அடி… அடி… பிடி!” என்று கூவுவதைப் பதிவுசெய்ய எவருக்கும் தோன்றவில்லை. இக்கட்டுரை அக்குறையைப் போக்க முயல்கிறது.

நம் துணிபு இது: பிரேக்குக்கு ஏர் எடுக்க நெய்வேலிக்காரரைவிடத் தகுதியானவர் பூவுலகில் இல்லை. சான்று நிலவியலில் இருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்குத் தோண்டப்போக, பழுப்பு நிலக்கரி அகப்பட்டது. 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரிக்கு அடியில் கிடந்த ஊற்றுநீரோ சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ விசையோடு மேல்நோக்கி முட்டிக்கொண்டிருந்தது. இறைத்து இறைத்து அந்த அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத் தரை பிளந்துகொள்ளும். ஆகவே மூன்று ஷிப்டும் அடைபட்ட நீரோடு மல்லுக்கட்டுவது இவ்வூரின் குலத்தொழில். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு பிரேக் பெடல் எம்மாத்திரம்?

‘அங்கே அழுத்தத்தைக் குறைக்கிறார்கள், இங்கே அழுத்தம் குறையாமல் பார்க்கிறார்கள், இரண்டும் எப்படி ஒன்றாகும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலே செல்வோம்.

பிரேக் ஆயிலை அமுக்கினால் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் குமிழி புகுந்துவிட்டால் மிதித்த மிதியெல்லாம் அதை நசுக்குவதிலேயே செலவாகி, பெடல் பஞ்சாகிவிடும். மருந்து எளியது. சக்கரத்தருகே உள்ள நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கிவைக்க வேண்டும். உள்ளிருப்பவர் சில முறை மிதித்து அப்படியே அழுத்திப் பிடிக்க, வெளியில் இருப்பவர் நிப்பிளைச் சற்றே திறப்பார். குமிழி கொப்பளித்து வரும், பெடல் தரைக்கு இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்தினால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் இயற்பியல் முடிந்து குடும்பவியல் தொடங்குகிறது.

“விடட்டுமா மாமா?”

“விடாதே மாப்ள!”

“விட்டுட்டேன் மாமா.”

அக்காள் வீட்டுக் காபியை எதிர்பார்த்து வந்த இளைஞனுக்குக் காலில் பொறுமை இராது என்பது கள ஆய்வில் உறுதிப்பட்டது.

இத்தொன்மையான மரபைக் குலைக்க வந்தது ஏபிஎஸ். 1978இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் காருக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது; இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளும் தறுவாயில், நொடிக்குப் பல முறை அழுத்தத்தை விட்டு விட்டுப் பிடிப்பது அதன் வேலை. அதாவது மாமாவும் மாப்ளையும் சேர்ந்து செய்வதை ஒரு சிறு பெட்டி தனியாகவே, சண்டையின்றிச் செய்கிறது. அப்பெட்டிக்குள் வால்வுகளும் பம்பும் உண்டு. சாதாரண மிதியில் சில வால்வுகள் திறப்பதே இல்லை. அவற்றுக்குப் பின்னால் காற்று ஒளிந்துகொண்டால், ஸ்கேனரை மாட்டி வால்வையும் பம்பையும் ஓடவிட்டால்தான் வெளியே வரும்.

இதில் அறிஞர்கள் பிளவுபட்டனர். ஸ்கேனர் இல்லாமல் நிப்பிளைத் தொடுவதே பாவம் என்பது ஒரு கட்சி. ஏபிஎஸ்ஸாவது ஒன்றாவது, எங்கள் காலத்து அம்பாசடரில் இதெல்லாம் ஏது என்பது ஓய்வுபெற்றோர் கட்சி. இருவரும் பாதி சரி. காரின் ஆயில் டப்பா வற்றாமல் பார்த்துக்கொண்டு பழைய ஆயிலை மாற்றினால், பெரும்பாலான கார்களுக்கு மாப்ளையே போதும். டப்பா காலியாகிப் பெட்டிக்குள் காற்று போனாலோ, பெட்டியையே மாற்றினாலோ ஸ்கேனர்தான் கதி. தூரத்துச் சக்கரத்தில் தொடங்கு என்ற பழைய விதியும் எல்லாக் காருக்கும் செல்லாது. காரோடு வந்த புத்தகம் சொல்வதே வரிசை. மூன்றாவதாக ஒரு தீவிரவாதக் கட்சியும் உண்டு: ஆளில்லாத ரோட்டில் வேகமாகப் போய் ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ் இயங்கும், பிறகு மறுபடி ஏர் எடுக்கலாம் என்பார்கள். நகரியத்துச் சாலைகள் அகலமானவைதாம். குறுக்கே வரும் மாடுகளும் அதை அறிந்தே வருகின்றன.

ஆயிலை எதற்காக மாற்ற வேண்டும்? அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அந்த வரம்பு 155 ஆகிவிடும். நெய்வேலியில் மலை கிடையாது, நாமே குவித்த மண்மேடுகள்தாம் உண்டு. ஆகவே கெட்ட ஆயில் உள்ளூரில் நல்ல பெயரோடு வாழ்ந்துவிடும். மே மாத லீவில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடேற மிதித்து மிதித்து இறங்கும்போது அதன் உண்மைக் குணம் தெரியும்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. வாங்கியதில் அரை டப்பா ஆயில் மிஞ்சுகிறது. திறந்த டப்பா ஈரம் குடிக்கும், வைத்திருந்து பயனில்லை. அடுத்த வீட்டு சார் அதைத்தான் கேட்டு வருகிறார், போன வருஷம் ஏணி கொடுத்தவர். இல்லை என்றால் அல்பம் என்பார்; கொடுத்தாலோ, அவரும் கொல்லிமலைக்குத்தான் போகிறாராம்.