கொழுக்கட்டைக் கதையில் வில்லன் யார்? ஒரு வழிகாட்டி

நாட்டுப்புறக் கதை ஒன்றைக் கொடுத்து, கதைப்பின்னல், கதைமாந்தர், கருப்பொருள் மூன்றையும் விளக்குக என்று கேட்டிருக்கிறார்களா? கவலையே வேண்டாம். இந்த வழிகாட்டி மாணவர்களுக்கானது. ராத்திரி பத்து மணிக்கு மேல் மாணவர்களின் வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் உரியது. இதன்படி நடந்தால் முழு மதிப்பெண் நிச்சயம். கதை பிழைக்குமா என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை.

முதல் வேலை, வசதியான கதையாகப் பார்த்து எடுப்பது. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கூண்டுக்குள் கிளி, கிளிக்குள் அரக்கனின் உயிர் என்று போகும் கதை கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதில் நாயகன், வில்லன், இளவரசி எல்லாரும் முகத்தில் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டே வருவார்கள். ஆனால் நம் தலையெழுத்துக்கு வந்து வாய்ப்பது கொழுக்கட்டைக் கதையாகத்தான் இருக்கும்.

கதை தெரியும்தானே? புதுமாப்பிள்ளை ஒருவன் மாமியார் வீட்டுக்குப் போகிறான். இலையில் ஏதோ வைக்கிறார்கள். தின்று பார்த்தவன் சொக்கிப்போகிறான். "இதுக்குப் பேர் என்ன அத்தை?" "கொழுக்கட்டை மாப்பிள்ளை. உங்க பொண்டாட்டிக்கே நல்லா செய்யத் தெரியுமே, கேட்டா செஞ்சு குடுப்பா." பெயர் மறந்துவிடக் கூடாதே என்று வழி நெடுக "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறான். குறுக்கே ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா!" என்று ஒரே தாவு. அக்கரையில் கால் ஊன்றும்போது வாயில் இருப்பது அத்திரிபாச்சா. வீட்டுக்கு வந்து, "அத்திரிபாச்சா செய்டி" என்கிறான். "அப்படின்னா என்னங்க?" என்கிறாள் அவள். ஆத்தா வீட்டில் செய்யத் தெரிகிறது, இங்கே தெரியாதா என்று ஓங்கி ஒரு போடு போடுகிறான். "அட பாவி மனுசா, நெத்தி கொழுக்கட்டை கணக்கா வீங்கிப்போச்சே!" "ஆங், அதேதான்! கொழுக்கட்டை!"

இனி கதைப்பின்னல். இதற்கு நிறைய சொற்களைத் தூக்கிப் போட வேண்டும். அவன் வழியெல்லாம் 'கொழுக்கட்டை' சொல்வதை ஒரே ஒருமுறை எழுதினால் போதும். சொல்பவர் அதைப் பத்துத் தடவை சொல்வார், நடையின் வேகத்துக்கு ஏற்றபடி குரலைக் கூட்டுவார், குறைப்பார், கேட்கிற பிள்ளை கூடவே சொல்லும், வாய்க்கால் வரும்போது பிள்ளையும் பாயிலிருந்து எழுந்து குதிக்கும். இதெல்லாம் விடைத்தாளில் கொள்ளாது. 'உம்' கொட்டுவதையும் வெட்டிவிடுங்கள். ஒருவர் 'உம்' கொட்டாமல் நம் ஊரில் கதை நகர்ந்ததில்லை. 'உம்' சத்தம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று பொருள், கதையும் அந்த இடத்திலேயே நிற்கும். முடிவே இல்லாத பின்னல் அது. கரிசல் காட்டில் அலைந்து கதைகளைச் சேகரித்த கி. ராஜநாராயணன், ஏட்டிலும் பேச்சுமொழியை விடாமல் பிடித்து எழுதினார். உங்களுக்கு அந்தப் பிடிவாதம் தேவையில்லை. 'மறந்தான், அடித்தான், நினைவுகூர்ந்தான்' என்று மூன்றே சொல்லில் முடித்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஓர் எண்ணைப் போடுங்கள். எண் இருந்தால் திருத்துபவருக்கு மரியாதை வரும். ஃபின்லாந்துக்காரர் ஆன்ட்டி ஆர்னே 1910-ல் கதைகளை வகை பிரித்து எண்ணிட்டார். அமெரிக்கர் ஸ்டித் தாம்ப்சன் அதை 1928-லும் 1961-லும் விரித்தார். ஜெர்மானியர் ஹான்ஸ்-யோர்க் ஊட்டர் 2004-ல் மூன்று தொகுதிகளாகத் திருத்தி வெளியிட்டார். மறந்துபோன சொல்லின் கதைக்கு அந்தப் பட்டியலில் 1687 என்று எண். வேறு நாட்டு முட்டாள்களும் வழியில் தடுக்கி விழுந்து, சொல்லைத் தொலைத்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. நம்மவன் கொழுக்கட்டையைத் தொலைத்தான், அவரவர் ஊரில் அவரவர் பண்டம்.

இப்போது கதைமாந்தர். இங்கேதான் விளாதிமிர் புராப் வேண்டும். 1928-ல் லெனின்கிராடில் வெளியான அவர் புத்தகத்தை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. பெயரைப் பிழையில்லாமல் எழுதினால் போதும். அஃபனாஸ்யெவ் தொகுத்த ரஷ்யக் கதைகளில் நூறை எடுத்து, ஆட்கள் மாறினாலும் அவர்கள் செய்யும் செயல்கள் மாறுவதில்லை என்றார் புராப். அப்படி 31 செயல்கள், 7 பாத்திர வட்டங்கள்: வில்லன், கொடையாளி, உதவியாளர், இளவரசியும் அவள் தகப்பனும், அனுப்பிவைப்பவர், நாயகன், போலி நாயகன். இது மாயக் கதைகளுக்கு மட்டும்தான் என்று அவரே எல்லை கட்டியிருக்கிறார். நமது கதை மாயக் கதை அல்ல, அசட்டுக் கதை. இந்த விஷயத்தைப் பற்றி விடைத்தாளில் மூச்சு விடாதீர்கள். நூல் பிடித்தாற்போல அடுக்கிக்கொண்டே போங்கள்.

நாயகன், மாப்பிள்ளை. கொடையாளி, மாமியார். எல்லாரும் தேடும் இளவரசி, கொழுக்கட்டை. (தகப்பன் இல்லை, அரிசி மாவு என்று எழுதிப் பார்க்கலாம்.) வில்லன் யார்? வாய்க்கால் என்று எழுதுங்கள். மனிதர் யாரும் மாட்டாமல் தப்பித்துக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. போலி நாயகன்? இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள், இது உண்மையிலேயே பொருந்துகிறது. உரியவரின் இடத்தில் தான் வந்து உட்கார்ந்துகொண்டு உரிமை கொண்டாடுவதுதான் போலி நாயகனின் வேலை. அத்திரிபாச்சா வேறென்ன செய்கிறது?

இந்த உற்சாகத்தில் 31 செயல்களையும் பொருத்திப் பார்க்கக் கை துறுதுறுக்கும். 17-ஆவது செயல்: நாயகனின் உடலில் ஓர் அடையாளம் விழுகிறது, தழும்போ காயமோ. 27-ஆவது: அந்த அடையாளத்தால் அவனை இனம் காண்கிறார்கள். 28-ஆவது: போலி அம்பலமாகிறது. அடடா, காயம் இருக்கிறது, இனம் காண்பது இருக்கிறது, அத்திரிபாச்சா அம்பலமாவதும் இருக்கிறது! ஆனால் காயம் விழுந்திருப்பது பெண்டாட்டியின் நெற்றியில். புராப் கணக்குப்படி காயம் பட்டவர்தான் நாயகர். அப்படியானால் மாப்பிள்ளையை எந்தக் கட்டத்தில் போடுவது? அவனுக்குப் பொருந்துவது வில்லன் கட்டம்தான். அதில் ஏற்கனவே வாய்க்காலைப் போட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அவளை 'உதவியாளர்' என்று எழுதி நகர்ந்துவிடுவது நல்லது. சில வாய்களில் வீக்கத்தைப் பார்த்துக் கொழுக்கட்டை என்று சொல்வது பக்கத்து வீட்டுக்காரி, சிலவற்றில் அடிபட்டவளேதான். முதல் வடிவத்தை எடுத்துக்கொண்டால் அவள் வாய் திறக்கவே வேண்டியதில்லை, விடையும் சுருக்கமாக இருக்கும்.

ஏ. கே. ராமானுஜன் பக்கம் போய்விடாதீர்கள். மைசூரில் பிறந்து சிகாகோவில் பேராசிரியராக இருந்தவர், இந்தியக் கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். ஆணை நடுவில் வைத்த கதைகள் கல்யாணத்தில் முடிகின்றன, பெண்ணை நடுவில் வைத்த கதைகளில் கல்யாணத்துக்குப் பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது என்று சொல்லி வைத்தார். புராப் பட்டியலில் 31-ஆவதும் கடைசியுமான செயல் கல்யாணம். கொழுக்கட்டைக் கதையோ கல்யாணம் முடிந்து, விருந்துச் சாப்பாட்டில் தொடங்குகிறது. இதை யோசிக்க ஆரம்பித்தால் போட்ட கட்டங்கள் அத்தனையையும் அழிக்க வேண்டியிருக்கும். தேர்வில் ரப்பருக்கு நேரம் கிடையாது.

கடைசியாகக் கருப்பொருள். கொழுக்கட்டைக்குப் பூரணம் எப்படியோ கதைக்குக் கருப்பொருள் அப்படி என்று ஆரம்பியுங்கள், அழகாக இருக்கும். பூரணமே இல்லாத பிடிகொழுக்கட்டையும் உண்டே என்று குறுக்கே பேசும் பிள்ளையை வெளியே அனுப்புங்கள்.

நீதியை எப்போதும் யாருக்கும் வலிக்காத மாதிரி எடுக்க வேண்டும். வடை சுட்ட பாட்டி கதையைப் பாருங்கள். காக்காய் வடையைத் திருடுகிறது, நரி ஏமாற்றிப் பிடுங்குகிறது. முகஸ்துதிக்கு மயங்காதே என்று நீதி எழுதுகிறோம். அதாவது, திருடிய பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள் என்று திருடனுக்குப் புத்தி சொல்கிறோம். முதல் போட்டு வடை சுட்டவளுக்கு அதில் ஒரு வரியும் இல்லை. ஜாதகக் கதைகளில் இதன் உறவுக்கதை ஒன்று இருக்கிறது: காக்காயும் நரியும் நாவல் பழத்துக்காக ஒன்றையொன்று புகழ்ந்துகொள்ள, மரத்துத் தேவதை இரண்டையும் சேர்த்து விரட்டுகிறது. நம் பாடப்புத்தகத்துக்கு அது சரிப்படாது.

அதேபோல, கொழுக்கட்டைக் கதையின் கருப்பொருள் 'ஞாபகசக்தியின் அவசியம்' என்று எழுதுங்கள். 'ஒரு சொல்லையாவது குறித்து வைத்துக்கொள்ளும் பழக்கம்' என்று எழுதினால் கூடுதலாக ஒரு மதிப்பெண் கிடைக்கலாம். கதையின் பொருளைச் சொல்பவரிடமே கேட்டு எழுத வேண்டும் என்று ஆலன் டண்டிஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1966-ல் ஒரு கட்டுரையில் வற்புறுத்தியிருக்கிறார். கேட்டுத்தான் பாருங்களேன். "பாட்டி, இந்தக் கதையோட கருப்பொருள் என்ன?" "கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குடா." விடாமல் நச்சரித்தால் வேறு பதிலும் வரலாம்: "செய்யத் தெரிஞ்சவ பக்கத்துலயே இருக்கா, அது தெரியாத மடையன் கதைடா இது." இதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

பயிற்சி வினா, ஐந்து மதிப்பெண்: பெயர் ஞாபகம் வந்த பிறகு, அன்றைக்கு ராத்திரி மாவு பிசைந்தது யார்? பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகவும்.