ஒதுக்கிய சொற்கள் 32: ஒரு துண்டியல் ஆராய்ச்சி

சி என்னும் கணிப்பொறி மொழியில், நிரல் எழுதுவோர் தம் மாறிகளுக்குப் பெயராகச் சூட்டலாகாதென்று விலக்கி வைக்கப்பட்ட கீவேர்டுகள் எத்தனை என்னும் வினாவுக்கு, வைவா நடத்த வரும் வெளித்தேர்வாளர் நாற்காலியில் அமருமுன்னரே, ‘முப்பத்திரண்டு, சார்’ என்று விடை பகரும் மாணாக்கரே உத்தமர் என்பது, தர்மபுரி ஜில்லாவில் ஐயந்திரிபற நிலைபெற்ற சித்தாந்தம். அந்த 32ஐயும் கொண்டு யாது செய்வது என்பது வினாத்தாளுக்குப் புறம்பான விஷயமாதலின், அதனை யாமும் தொடோம்.

இவ்வெண் தற்செயலாய் அமைந்ததன்று. காமாட்சியன்னை காஞ்சியில் வளர்த்த அறங்கள் 32. அவ்வன்னை கல்யாண காமாட்சியாய்க் கோயில் கொண்டிருப்பது தர்மபுரிக் கோட்டையில். ஆகவே, டென்னிஸ் ரிச்சி 1970களின் தொடக்கத்தில் இம்மொழியைச் செய்தது நியூஜெர்சியின் பெல் ஆய்வுக்கூடத்தில் எனினும், அவர் உள்ளத்தில் இருந்தது அதியமானின் தகடூராகிய இத்தர்மபுரியே என்று துணிதல் தகும். இதனினும் மெலிந்த சான்றைக் கொண்டு, சங்கப்புலவர் தம் சொந்தத் தெருவில் பிறந்தாரென்று நாட்டிப் பொன்னாடையும் போர்த்திக்கொண்ட பேரறிஞர் நம்மிடையே உளராதலின், எம்மை மட்டும் மறுப்பது நீதியன்று.

இனி வகைப்பாடு. இஃப், டூ என்பன ஆங்கில எழுத்தால் ஈரெழுத்தின. கன்டின்யூ, ரெஜிஸ்டர், அன்சைன்டு, வாலடைல் என்பன எட்டெழுத்தின. கோட்டோவைத் தீங்கென்று டைக்ஸ்ட்ரா 1968இல் கடிதம் எழுதினார். கோட்டோ இன்றும் இருக்கிறது. ஆட்டோவை எழுதினும் எழுதாவிடினும் பயன் ஒன்றே. மெயின், பிரின்ட்எஃப் ஆகியவை இக்குலத்தைச் சேரா. சேர்த்து எண்ணியோர் அரியர் வைத்தோர்.

இடர் யாண்டையது எனின், கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் வெளியிட்ட நூலின் முதற்பதிப்பில் காணப்படுவன 28 மட்டுமே. அவற்றுள்ளும் ‘என்ட்ரி’ என்பது எந்தக் கம்பைலரும் நிறைவேற்றாதது, பிற்காலப் பயனுக்கென ஒதுக்கியது என்று நூலாசிரியரே குறித்துள்ளனர். தொழில் இல்லை, பொருள் இல்லை, ஆயினும் அவ்விடத்தில் வேறெவரும் அமரலாகாது. மேனாட்டார் விளக்காது விட்ட இந்நுட்பம், தர்மபுரி பஸ் நிலையத்தில், பென்னாகரம் வண்டி வந்து நிற்குமுன்னரே ஜன்னல் வழியாகச் சீட்டின்மேல் வீசப்படும் துண்டைக் கண்டோர்க்கு வெள்ளிடைமலை.

துண்டுக்குரியவன் எங்கே என்பதில் துண்டியலார் மூவகைப்படுவர். டீ குடிக்கச் சென்றுள்ளான், வருவான் என்பது ஆஸ்திகர் கொள்கை (பென்னாகரச் சுவடி, மூன்றாம் ஜன்னல்). வேறு வண்டியில் போய்விட்டான் என்பது நாஸ்திகர் கொள்கை (அரூர்ச் சுவடி, ஏழாம் ஜன்னல், வளைந்த கம்பிக்கு மேல்). துண்டும் இல்லை, உரியவனும் இல்லை, சீட்டே மாயை என்பது, கம்பியைப் பிடித்து நின்றபடியே செல்லும் அத்வைதியர் கொள்கை (பாலக்கோட்டுச் சுவடி, பின்படிக்கட்டு, கண்டக்டர் விசிலால் சிதைந்த பகுதி, பாடபேதத்திற்கு, பாப்பிரெட்டிப்பட்டி டவுன் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டின் முதுகில் காம்பஸ் முனையால் கீறப்பட்ட விருத்தியுரையும், அதன்மீது பிற்காலத்தே ஒட்டப்பெற்ற மூலவியாதி வைத்திய விளம்பரத்தின் கிழிபடாத இடவோரமும் ஒப்புநோக்கத்தக்கன). இம்மூன்றையும் மறுத்து நான்காவதொன்றை நிறுவ எமக்கு ஆற்றலுண்டு; முனைவர் பட்டத்திற்கென அதன்மேல் துண்டு போட்டு வைத்துள்ளோம்.

1989இல் அமெரிக்கத் தரநிர்ணயக் குழுவினர் கண்டக்டராய் உட்புகுந்து, ‘யார் துண்டு இது?’ என்று வினவி, விடை வாராமையின் என்ட்ரியை எடுத்தெறிந்து, வாய்ட், ஈனம், கான்ஸ்ட், வாலடைல், சைன்டு என்னும் ஐவரை ஏற்றி அமர்த்தினர். 28இல் ஒன்று நீங்கி ஐந்து கூட, 32 ஆயிற்று. எமது காமாட்சி சித்தாந்தமும் பிழைத்தது.

இத்தொகை 1999இல் 37 ஆகவும், 2011இல் 44 ஆகவும் பெருகிற்றென்று சிலர் ஆட்சேபிப்பர். கொள்கைக்கு ஒவ்வாதவற்றை இடைச்செருகல் என்று தள்ளுதல் ஆராய்ச்சி மரபாதலாலும், ஜெராக்ஸ் கடை நோட்ஸ்களில் அவை ஏறாமையாலும், யாமும் தள்ளினோம். ஆதலால், வைவாவுக்குச் செல்லும் மாணாக்கர்காள், 44ஐ விடுதி அறையிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, 32 என்றே சொல்வீராக, மதிப்பெண் அதற்குத்தான்.